வண்டிக்கு வரன்

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் போய்த் தெய்வநாயகம் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் சட்டென்று தெரியாது. நில அளவை அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா, ஊர்ப் பேச்சில் பெரிய கிராணி, நெற்றியில் திருநீறு, சைக்கிள் ஹாண்டிலில் தொங்கும் குடை என்று அடையாளம் சொன்னாலும் அப்படி ஏழெட்டுப் பேர் அந்தப் பக்கத்தில் உண்டு. ரூமா ஜாலான் நிற்கிற வீடு என்றால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். ரூமா ஜாலான் என்றால் நடக்கிற வீடு. அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் அந்த வண்டிக்கு வைத்த பெயர் அது. பெயர் வைத்தவர்கள் யாரும் அது நடந்து பார்த்ததில்லை.

வண்டிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. சண்டைக்கு முன்னால், காட்டோரங்களில் நிலம் அளக்கப் போகும் வெள்ளைக்காரத் துரை ஒருவர், கூடாரத்தில் படுத்து அட்டைக்கடி பட்டு அலுத்துப்போய், ஒரு பெட்போர்டு லாரியின் முதுகில் தேக்குப் பலகையால் வீடு கட்டிக்கொண்டார். கட்டியவன் மலாக்காவில் பேர் போன சீனத் தச்சன், ஓர் ஆணித் தலைகூட வெளியே தெரியாது. உள்ளே மடக்கி வைக்கிற கட்டில் இரண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, பித்தளைக் குழாய், ஜன்னலுக்குக் கொசுவலை, கொக்கியில் தொங்கும் பீங்கான் கோப்பைகள் என்று ஒரு குடித்தனமே இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் துரை சிறைமுகாமுக்குப் போனார். வண்டி ஒரு மரக்கிடங்கில் பலகையோடு பலகையாகப் படுத்து உயிர் பிழைத்தது. சண்டை முடிந்து துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது அதைத் தன் கிராணியிடம் விட்டார். சும்மா விடவில்லை, விலை பேசித்தான் விட்டார். மனைவி தனலட்சுமியின் கழுத்தில் இருந்த அட்டிகை அப்போது இறங்கியதுதான், பிறகு ஏறவே இல்லை.

“நாயகம், இதை நன்றாகப் பார்த்துக்கொள்” என்று துரை சொல்லிவிட்டுப் போனாராம். போகிற மனிதர் வேறு பலவும் சொல்லியிருப்பார். அலுவலகக் கூரை ஒழுகுவதை அடைக்கச் சொன்னார், பங்கா இழுத்த கிழவனுக்கு ஏதாவது வழி செய்யச் சொன்னார். தெய்வநாயகத்தின் மனதில் நின்றது இது ஒன்றுதான்.

பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை மதியம் அலுவலகம் விட்டு வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். வண்டிக்குத் தலையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, துவட்டி, தேக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்த்து, டயருக்கு முகப்பவுடர் பூசுவார். அந்த வீட்டில் முகப்பவுடர் டப்பா சீக்கிரம் காலியாவதற்கு மகள் விஜயா காரணமில்லை. பிறகு இன்ஜினை முடுக்கி, சாமி கும்பிடுவது போலக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும் என்பதற்காக ஒரு முழம் முன்னால் நகர்த்தி, ஒரு முழம் பின்னால் நகர்த்தி நிறுத்திவிடுவார். அதற்கு மேல் அவருக்கு ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் எடுக்கவும் இல்லை. ரோட்டில் போனால் தூசி படியும் என்பார்.

சரஸ்வதி பூசையன்று வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அதை நசுக்கிக்கொண்டு அது ஒரு முழம் நகரும். துரை காலத்தில் பகாங் எல்லை வரை போய்வந்த வண்டி, தெய்வநாயகத்திடம் வந்த பிறகு செய்த நெடும்பயணம் அந்த எலுமிச்சம்பழத்தைத் தாண்டியதுதான். அதற்குள் அவர் குடும்பத்தில் யாரும் படுத்ததில்லை, அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. துரையின் கோப்பைகள் துரை மாட்டிய கொக்கியிலேயே தொங்கின. விஜயா சிறு பெண்ணாக இருந்தபோது ஒரு கோப்பையை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டாள். அந்த ஒரு தடவைதான் அவர் மகளைக் கை நீட்டி அடித்தது.

இப்படிப்பட்டவர் வண்டியை விற்கக் கிளம்பினார் என்றால் அதற்குக் காரணம் விஜயாவின் கல்யாணம். சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்து, தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகப் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்குத் தரகர் பிச்சை ஒரு வரன் கொண்டுவந்தார். பிச்சை தொடாத தொழில் இல்லை. வீடு, நிலம், கறவை மாடு, மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அதே குடை, அதே தோல்பை, அதே பேச்சு. மாப்பிள்ளை பெயர் ஜெயபாலன். ஆயர் குரோவைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. போட்டோவில் கோட்டுப் போட்டு, ஒரு பூத்தொட்டி மேல் கை வைத்துக்கொண்டு நின்றான்.

தெய்வநாயகம் போட்டோவைப் பார்த்தார். “கோட்டு நல்லா தச்சிருக்கான்” என்றார். அதோடு மாப்பிள்ளை பார்க்கும் படலம் முடிந்தது.

“ஏங்க, ஒரு தடவை அந்தத் தோட்டத்துப் பக்கம் போய் நாலு பேரைக் கேட்டுட்டு வந்தா என்ன?” என்றாள் தனலட்சுமி.

“பிச்சை பொய் சொல்வானா? நம்ம மாட்டை அவன்தானே வாங்கிக் கொடுத்தான்.”

கதவோரம் நின்ற விஜயா கேட்டாள். “அப்பா, அவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

“அதெல்லாம் நல்ல குடும்பம்மா. நீ போற இடத்துல அனுசரிச்சுப் போயிடுவே.” அவர் சொல்லும்போதே எழுந்துவிட்டார், மழை வருகிறாற்போல் இருந்தது, வண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டியிருந்தது.

சிக்கல் பந்தலில் வந்தது. கல்யாணம் பெண் வீட்டு வாசலில்தான் என்று, பெண் பார்க்க வருவதற்கு முன்பே, பிச்சை மூலம் முடிவானது. வாசலில் ரூமா ஜாலான் நின்றது. வேலிக்கும் வீட்டுக்கும் நடுவே அதை நகர்த்த வேறு இடமில்லை. வண்டியைச் சுற்றிப் பந்தல் போடலாமே என்று தெய்வநாயகம் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார். தனலட்சுமி பார்த்த பார்வையில் அந்த யோசனை அப்படியே அவர் வாய்க்குள் திரும்பிப் போயிற்று. மறுநாள் வேலியில் ஒரு பலகை ஏறியது. வண்டி விற்பனைக்கு என்று மூன்று பாஷையில் எழுதி, அடியில் தகுதியுள்ளவர்கள் மட்டும் விசாரிக்கவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்திருந்தார்.

முதலில் வந்தவர் புக்கிட் பாருவில் வாத்து வளர்க்கும் சீன முதலாளி, தவுக்கே என்பார்கள். நல்ல விலை சொன்னார். தெய்வநாயகம் விலையைக் காதில் வாங்கவே இல்லை. வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், மேலே கூரை உண்டா, யார் கழுவுவார்கள் என்று கேட்டார். தவுக்கே எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அதை நம்பிவிடுகிற ஆளா இவர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் பாரு வரை மிதித்துப் போய், கொட்டகையை நாலு பக்கமும் சுற்றி வந்து, பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து தவுக்கேயின் பழைய லாரிக்கு என்ன கதி ஆயிற்று என்று துருவித் துருவிக் கேட்டு, வாத்து நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த லாரியில் முட்டைக்கூடை ஏற்றியிருக்கிறார்களாம். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

அடுத்து ஒரு மலாய்ப் பள்ளி ஆசிரியர் வந்தார். தங்கமான மனிதர், பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசைப்பட்டார். குடும்பம் கூடவே வந்திருந்தது. பிள்ளைகள் வண்டிக்குள் ஏறுவதற்கு முன் தெய்வநாயகம் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் குனிந்து பார்த்தார். பிறகு ஆசிரியரைத் தனியே அழைத்து, வண்டிக்கு இவ்வளவு சந்தோஷம் தாங்காது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். ஆசிரியர் சிரித்துக்கொண்டே போனார். அந்த வாரம் முழுதும் தெய்வநாயகம் படிக்கட்டைத் தேய்த்துக் கழுவினார்.

மூன்றாவதாக வந்தவள் மீனாச்சி. பக்கத்திலேயே சிட்டி கம்பத்தில், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழர் குடியிருப்பில், இருப்பவள். பேர்தான் மீனாச்சி, கோயிலுக்கு ஒரு நாள் தவறாமல் போவாள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது சாரோங் கெபாயா. தமிழ் அவளுக்குச் சந்தையில் பொறுக்கிச் சேர்த்த அளவுக்குத்தான் வரும். நான் என்பதற்குச் சாயா, வலிக்குச் சாக்கிட், சமையலுக்கு மாசாக் என்று நடுநடுவே மலாய் விழும், வண்டியைக் காடி என்பாள். தலையில் கூடை வைத்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் பலகாரமும் விற்று இரண்டு பெண்களைக் கரையேற்றியவள்.

“கிராணி, சாயாவுக்கு இந்தக் காடி வேணும். கிளேபாங் கடல்கிட்ட வச்சு விக்கப் போறேன். தலையில தூக்க முடியல, கழுத்து சாக்கிட்.”

தெய்வநாயகம் உஷாரானார். “உள்ளே சமைப்பியா?”

“அடுப்பு வச்ச காடி கிராணி. மாசாக் பண்ணாம வேற என்ன செய்றது?”

“பெலாச்சான் வறுப்பியா?”

மீனாச்சிக்குக் கேள்வியே விளங்கவில்லை. பெலாச்சான் வறுக்காமல் சம்பால் எப்படி வரும். அவள் ஆமாம் என்றாள். துரையின் தேக்கில் காய்ந்த இறால் நாற்றம் ஏறுவதை நினைத்ததும் தெய்வநாயகம் மூக்கைப் பொத்திக்கொண்டார். உனக்கு இது ஒத்துவராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். “தக் அப்பா, கிராணி” என்று பரவாயில்லை சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் போனாள்.

தை பிறந்தது. பெண் பார்க்க வந்தார்கள். ஜெயபாலன், அவன் அம்மா, தாய்மாமன், முன்னால் குடையோடு பிச்சை. அந்த அம்மாள் ஒடுங்கிய பெண்பிள்ளை. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. என்ன ஆச்சு என்று தனலட்சுமி கேட்டதற்குக் கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள். சொல்லும்போது மகனை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். தனலட்சுமி அதைக் கவனித்தாள். தெய்வநாயகம் கேசரியில் நெய் போதுமா என்று கவனித்தார்.

விஜயா காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு பார்வை அவளைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே போய் அங்கேயே நின்றுவிட்டது.

“அது ஓடுமா, மாமா?”

தாய்மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “பொண்ணுக்கு நீங்க செய்யறத உங்க இஷ்டம்போலச் செய்யுங்க. நாங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. அந்தக் காடிய மட்டும் சேர்த்து அனுப்பிட்டா, புள்ளைக்குத் தோட்டத்துலேருந்து டவுனுக்கு வந்துபோக சௌகரியமா இருக்கும்.”

“அப்படிப் போடுங்க” என்றார் பிச்சை. “பந்தலுக்கு எடமும் ஆச்சு, காடிக்கு ஆளும் ஆச்சு.”

அதுவரை தெய்வநாயகம் மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. வயது கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை, ஊர் பேர் கேட்கவில்லை. இப்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி சிகரெட்டு குடிக்கிறதுண்டா?”

“எப்பவாவது மாமா.”

“தண்ணி?”

கதவோரம் நின்ற விஜயா சட்டென்று நிமிர்ந்தாள். அப்பா கேட்கிறார், எனக்காகக் கேட்கிறார் என்று அவள் முகம் மலர்ந்தது. தெய்வநாயகம் அதைப் பார்த்தார். பையனைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

“ராத்திரியில எங்க நிப்பாட்டுவீங்க? சாரல் அடிக்காதே?”

விஜயா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாரும் வண்டியைப் பார்க்க இறங்கினார்கள். ஜெயபாலன் சப்பாத்துக் காலோடு உள்ளே ஏறினான். தெய்வநாயகம் படியில் விழுந்த மண்ணைக் கையால் தள்ளினார். கட்டிலை மடக்கத் தெரியாமல் இழுத்தான், துரையின் கோப்பையைச் சுண்டிப் பார்த்தான், பிறகு சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டிக் குச்சி ஒன்றை எடுத்து, கட்டிலின் தேக்குச் சட்டத்தில் நீளமாக இழுத்துக் கிழித்து சிகரெட்டைப் பற்ற வைத்தான். இறங்கும்போது கதவை அறைந்து சாத்தினான்.

“பழசுதான் மாமா. பழசெல்லாம் ரெண்டு தட்டு தட்டினாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்” என்று சொல்லி முன்சக்கரத்தில் ஓர் உதை விட்டான். அவன் அம்மா முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அன்றிரவு தெய்வநாயகம் சாப்பிடவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். புக்கிட் பாருவுக்குப் போன அதே ரோடுதான். தவுக்கேயின் வாத்துக் கொட்டகையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஆயர் குரோ, அதற்கப்பால் தோட்டம். அன்றைக்கு வாத்துக்காக அவ்வளவு தூரம் வந்தவர் அப்படியே போயிருக்கலாம், அது அவருக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. தோட்டத்துக் கடையில் உட்கார்ந்தார், மருந்துக்கொட்டாயில் பேச்சுக் கொடுத்தார், தண்ணீர்க்குழாயடியில் பெண்களிடம் கேட்டார், கிராணி வீட்டின் பின்பக்கம் வரை போய் எட்டிப் பார்த்தார். கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த ஆள் என்று தோட்டமே நினைத்துக்கொண்டது.

மாலையில் முகம் கறுத்துப்போய் வந்து சேர்ந்தார். தனலட்சுமி தண்ணீர் கொடுத்தாள். நான் சொன்னபோது போகாதவர் இன்றைக்காவது போனாரே என்று அவளுக்கு மனசு குளிர்ந்திருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“மோசம் தனம். ரொம்ப மோசம். மோட்டார் சைக்கிள் ஒண்ணு வச்சிருக்கான். அதை மழையில போட்டு வச்சிருக்கான். சங்கிலியில ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. துருப்பிடிச்சுக் கையில உதிருது.”

“அப்புறம்?”

“சீட்டு கிழிஞ்சு பஞ்சு வெளிய வருது.”

“அதக் கேக்கலங்க. அவனப் பத்தி என்ன சொன்னாங்க?”

“என்னவோ சொன்னாங்க. குடிப்பானாம். சனிக்கிழமையானா கள்ளுக்கடையிலதான் கெடப்பானாம். குடிச்சா அம்மாவ அடிப்பானாம், அந்தக் கைகூட அப்படித்தான் ஒடிஞ்சதாம். அதெல்லாம் ஒரு கல்யாணம் ஆனா சரியாப் போயிடும். நம்ம விஜயா கெட்டிக்காரி, போற இடத்துல அனுசரிச்சுப் போயிடுவா. வண்டி அப்படியா? சங்கிலிக்கு எண்ணெய் போடாதவன் கையில அத எப்படிக் கொடுக்கிறது?”

தனலட்சுமி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். உள்ளறையில் கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த விஜயாவின் பேனா நின்றது. வீட்டில் வேறு சத்தமில்லாததால் அது நின்றது தெய்வநாயகத்துக்கும் கேட்டது. அவளுக்கும் மோட்டார் சைக்கிளை நினைத்து வருத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பிச்சை பதில் கேட்டு வந்தபோது தெய்வநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அவர் வாழ்நாளில் அவ்வளவு உறுதியாக எதையும் யாரிடமும் சொன்னதில்லை. “பொண்ணத் தரேன். வண்டியத் தர மாட்டேன்.”

“ஐயா, வண்டிக்காக ஒரு நல்ல எடத்த விடுவாங்களா?”

“பொண்ணத் தரேன்னுதானே சொல்றேன்.”

இரண்டு நாள் கழித்து மறுபதில் வந்தது. வண்டி இல்லையென்றால் பெண்ணும் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். சம்பந்தம் கலைந்தது. ஒரு பெட்போர்டு லாரியின் புண்ணியத்தில் விஜயா தப்பித்தாள். பெற்ற அப்பன் செய்ய வேண்டியதைத் துரை விட்டுப்போன தேக்குப் பலகை செய்தது. தெய்வநாயகத்துக்கும் நிம்மதிதான். கல்யாணம் இல்லை, பந்தல் இல்லை, விற்க வேண்டிய அவசியமும் இல்லை. பலகையைக் கழற்றி அடுப்படியில் போட்டுவிட்டு, தீக்குச்சி கிழித்த தழும்பில் பஞ்சால் எண்ணெய் ஒற்றினார். அப்பா தடவுவதை விஜயா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனலட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி மாதத்தில் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. லண்டனுக்குப் போன தூதுக்குழு திரும்பி வந்துவிட்டது, நாடு என்றைக்கு விடுதலையாகும் என்ற தேதியை நம் மலாக்காவில், பண்டார் ஹிலிர் திடலில் வைத்துச் சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு. தெய்வநாயகமும் வெள்ளைச் சட்டை போட்டு, குடை எடுத்துக்கொண்டு, அலுவலகத்து ஆட்களோடு போனார். திடலில் எள் போட்டால் கீழே விழாது. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று சொன்னதும் எல்லாரோடும் சேர்ந்து அவரும் கையைத் தூக்கி மெர்டேக்கா, அதாவது விடுதலை, என்று கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்தில் நின்ற ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். அடிமைத்தனத்தில் தனக்கு எவ்வளவு வெறுப்பு இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. இனி நம் வீட்டுக்கு நாம்தான் ராஜா என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். இன்றைக்குச் சனிக்கிழமை இல்லாவிட்டாலும் நல்ல நாளாக இருக்கிறது, வண்டிக்கு ஒரு மாலை போடலாம் என்று பூக்கடையில் சாமந்தி வாங்கிக்கொண்டார்.

வாசலுக்கு வந்தபோது வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தார். தன் வீட்டு முன்பக்கம் முழுசாக எப்படி இருக்கும் என்று அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. சுவரில் நீலச் சுண்ணாம்பு அடித்திருப்பதும், ஜன்னலுக்கடியில் விஜயா ரோஜாச்செடி வைத்திருப்பதும் தெரிந்தன. வண்டி நின்ற இடத்தில் புல் முளைக்காத மண். அதில் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. டயர்த்தடம் வேலியைத் தாண்டி, ரோட்டில் ஏறி, கடற்கரைப் பக்கமாகத் திரும்பியிருந்தது.

தனலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வித்தாச்சு” என்றாள்.

“யாருக்கு?”

“மீனாச்சிக்கு. அவ மருமகன் வந்து ஓட்டிக்கிட்டுப் போனான். நல்லாத்தான் ஓட்டினான்.”

“யாரக் கேட்டு வித்தே?”

“என் அட்டிகையக் கேட்டேன். வித்துக்கோன்னு சொல்லுச்சு.” அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இந்த வீட்டுல உங்க கண்ணுக்கு ஒண்ணுதாங்க தெரிஞ்சுது. அது எடத்த விட்டுப் போனாத்தான் மத்தது தெரியும்.”

 தெய்வநாயகம் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெறும் மண்ணில் போய் நின்றார். அவர் அழுதார் என்றே சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து வந்த சேலைகூட மாற்றாமல் விஜயா உள்ளிருந்து இறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பிடி கிடைத்தது போலிருந்தது. படித்த பெண், விவரம் தெரிந்தவள், அம்மாவைப் போல இல்லை.

“நீயாவது கேட்டியாம்மா? மேல கூரை போட்டிருக்காளா? கடக்காத்து பட்டா இரும்பு அரிச்சிடுமே. உள்ளே பெலாச்சான் வறுப்பாளே, அது எப்படித் தாங்கும்? ஒண்ணும் விசாரிக்காமலா அனுப்பிட்டீங்க?”

“போற இடத்துல அனுசரிச்சுப் போயிடும்பா” என்றாள் விஜயா.

எங்கேயோ கேட்ட வார்த்தையாக இருக்கிறதே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றினாலும் வண்டியின் கவலை அதை மேலேறி வரவிடவில்லை.

“அது வாயில்லாத பொருளும்மா. வலிச்சாலும் சொல்லத் தெரியாது. அத எப்படி விசாரிக்காம ஒருத்தர் கையில கொடுக்கிறது?”

“வாயிருக்கிற நான் கேட்டேனேப்பா” என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு, காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனாள். தெய்வநாயகத்துக்கு நினைவு வந்தது. கேட்டாள்தான். கதவோரம் நின்று கேட்டாள், மழை வருகிற மாதிரி இருந்த அந்த மாலையில். அந்தத் துணி சுற்றிய மணிக்கட்டு இப்போதுதான் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அது விஜயாவின் மணிக்கட்டாக வந்து நின்றது.

அவர் ஏதோ சொல்ல நினைத்தார் என்றும், ஆனால் தொண்டை கட்டிக்கொண்டு குரல் வரவில்லை என்றும் பிற்பாடு தனலட்சுமி அக்கம்பக்கத்தில் சொன்னாள். காலையில்தான் திடலில் அவ்வளவு கத்தியிருந்தாரே.